தட்டுகிற கை அதே கையாக இருக்கட்டும்

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் இளைஞர் பிரிவில் 14 பேர் இருக்கிறோம். தோட்டத்தை விட்டு வந்து தாமானிலும் (வீடமைப்புப் பகுதி) பழைய லயங்களிலும் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கும், வீட்டோடு முடங்கிவிட்ட ஓகேயூ (ஊனமுற்றோர்) அட்டைக்காரர்களுக்கும் துணையாகப் போய்வரும் சேவை ஒன்றைத் தொடங்க ஆசை. 40 பேர் பட்டியல் கையில் இருக்கிறது. தீபாவளி ஹேம்பரோடு ஆரம்பிக்கலாமா? போனால் என்ன பேசுவது? எதில் மாட்டிக்கொள்வோம்?

பதில்:

முதலில் அந்த 40 பேர் பட்டியலை மடித்து வையுங்கள். ஏழு பேரோடு தொடங்குங்கள். நீங்கள் 14 பேர். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு முகம் வேண்டும். வாரா வாரம் போகிறவர் ஒருவர், மாதம் ஒரு தடவை அவரோடு சேர்ந்து போகிறவர் இன்னொருவர். அப்படிப் போட்டால் ஏழு வீடுதான் வரும். மூன்று மாதம் தவறாமல் ஓடினால், இரண்டாம் ஆளாகப் போனவர்களுக்குத் தனியாக ஒரு வீடு கொடுத்து 14 ஆக்கலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் ஆள் சேர்த்த பிறகுதான்.

இந்த வேலை கெட்டுப்போவது அன்பு குறைந்து அல்ல, கணக்கு தவறித்தான். முதல் வாரம் ஐந்து பேர் பழப்பையோடு போவார்கள். அடுத்த மாதம் இரண்டு பேர், அதுவும் வேறு இரண்டு பேர். மூன்றாம் மாதம் மழை, பரீட்சை, கல்யாணம். அங்கே வீட்டில் என்ன நடக்கும்? சனிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள் என்று பாட்டி காலையிலேயே தலை சீவி, வேறு சேலை மாற்றி, கோப்பித் தண்ணீரை அடுப்பில் வைத்து, வாசல்பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருப்பார். பதினொன்றரைக்கு அடுப்பை அணைப்பார். யாருமே வராத வீட்டைவிட, வருவதாகச் சொல்லி வராத வீட்டில் தனிமை அதிகம். அதனால் விதி ஒன்றுதான்: ஒரே ஆள், ஒரே கிழமை, ஒரே நேரம். வர முடியாத வாரம் முதல் நாளே போன் செய்து சொல்லிவிட வேண்டும். வாட்சாப் செய்தி போதாது, அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆள் தேர்வில் ஒன்று சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். இளைஞர் பிரிவு மட்டும் இதற்குப் போதாது. படிவம் ஆறு, மெட்ரிகுலேஷன், ஈப்போவில் வேலை, சிங்கப்பூரில் வேலை என்று 20 வயதுக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் ஊரைவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட 45, 50 வயது அக்காமார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வேலை நேரம் நிலையாக உள்ள அண்ணன்மார்கள்தான் ஆண்டுக்கணக்கில் நிற்பார்கள். முதல் ஆளாக அவர்களைப் போட்டு, இரண்டாம் ஆளாக நீங்கள் போங்கள். சேரும் ஒவ்வொருவருக்கும் ஊரில் இரண்டு பேர் பொறுப்பு சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் பெரியவரோடு மட்டும் போகலாம்.

அடுத்து, யாரைப் பார்க்கப் போவது. கோயிலுக்கு வருகிறவர்களின் பெயர்தான் உங்கள் பட்டியலில் இருக்கும். உங்களுக்கு வேண்டியவர் கோயிலுக்கு வராமல் நின்றுவிட்டவர். அவரைத் தெரிந்தவர்கள் வேறு: மளிகைக் கடைக்காரர், கேஸ் தோம்பு தூக்கிக்கொண்டு போகிறவர், மீன் விற்க மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறவர், அரசாங்க கிளினிக் மிஸ்ஸி (தாதி), மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா வாங்கப் போகிறவர். 'முன்னே அடிக்கடி வருவாங்க, இப்போ காணோமே' என்று யாரைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். லிப்ட் இல்லாத மலிவுவிலை அடுக்குமாடியில் நான்காம் மாடியில் இருக்கும் முட்டிவலிக்காரர், சர்க்கரையால் கால் எடுக்கப்பட்டவர், பக்கவாதத்தில் பேச்சு போனவர், அம்மா இறந்தபின் அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருக்கும் 35 வயது மனவளர்ச்சி குன்றிய தம்பி எல்லாரும் இதில் வருவார்கள். குடும்பத்தோடு இருந்தாலும் தனிமை உண்டு. காலை ஆறு மணிக்கு எல்லாரும் வேலைக்குப் போய், இரவு எட்டுக்கு வரும் வீட்டில் பகல் முழுவதும் யார் இருக்கிறார்?

முதல் தடவை நீங்களாகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். அவருக்குத் தெரிந்த ஒருவர் அழைத்துப் போகட்டும். கையில் பை வேண்டாம். பையோடு போனால் 'தர்மம் கொடுக்க வந்தவங்க' என்று உட்கார வைத்து அனுப்பிவிடுவார்கள். 20 நிமிடம் போதும். 'வாரம் ஒருதரம் வந்து கொஞ்ச நேரம் பேசிட்டுப் போகலாமா?' என்று நேராகக் கேளுங்கள். 'பாட்டிக்குத் துணையா இருக்கேன்' என்று அறிவிக்க வேண்டாம், கேட்டுப் பெறுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை மட்டும் மறுபடி கேட்கலாம். அவர் கோப்பி கொடுத்தால் குடியுங்கள். அவர் வீட்டில் அவர் கொடுக்கிறவர், நீங்கள் விருந்தாளி. கொல்லையில் பறித்த நாலு முருங்கைக்காய் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் மட்டும் எந்தப் பக்கமும் போகக்கூடாது.

நேரம் முக்கியம். முப்பது வருடம் பால்மரம் சீவியவருக்கு, பெரட்டுக்கு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்த பழக்கம் உடம்பைவிட்டுப் போகாது. நாலரைக்கு எழுந்து, ஏழுக்குள் பசியாறி, பன்னிரண்டுக்குச் சாப்பிட்டு, இரண்டு மணிக்குத் தூங்கிக்கொண்டிருப்பார். பிற்பகலில் பேராக்கில் மழையும் பிடித்துக்கொள்ளும். காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் நடுவே ஒரு மணி நேரம்தான் நல்ல நேரம். வேலைக்குப் போகிறவர்கள் சனி, ஞாயிறு காலையை எடுத்துக்கொள்ளட்டும். வாரத்தின் நடுவில் ஐந்து நிமிடப் போன் ஒன்று. 'பசியாறியாச்சா?' என்று கேட்பதில் தொடங்கினால் போதும், மீதி தானாக வரும்.

என்ன பேசுவது என்று கேட்டீர்கள். பேசப் போகாதீர்கள், வேலை செய்யப் போங்கள். எதிரெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் அது இலாகா விசாரணை மாதிரி ஆகிவிடும், குறிப்பாக ஆண்கள் வாயே திறக்க மாட்டார்கள். ஒரு செய்தித்தாளை விரித்து அரைக் கிலோ நெத்திலியைக் கொட்டுங்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கிள்ளி, வயிற்றுக் கறுப்பை எடுத்து ஒரு சட்டியில் போடுகிற வேலை. கண் கைமேல் இருக்கும், யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் பேச்சு வந்துவிடும். மீன்கூடை சுமந்த கதை, மாமியார் கதை, யார் நிலத்தை விற்றார்கள் என்ற கதை. சின்ன வெங்காயம் உரிப்பது, பூக்கட்டுவது, பழைய போட்டோக்களை உறையில் அடுக்குவது, மின்னல் எஃப்எம் பழைய பாட்டைக் கேட்டுக்கொண்டே துணி மடிப்பது, தாயம், சீட்டு எல்லாம் இதே கணக்குதான். கண் மங்கியவருக்குத் தமிழ்ப் பத்திரிகையைப் படித்துக் காட்டலாம். மரண அறிவித்தல் பக்கத்தை விடாதீர்கள், பலர் முதலில் கேட்பது அதைத்தான்.

பேச்சைத் திறக்க ஒரு கேள்வி வேண்டுமென்றால், 'எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்?' ஹீவூட், டோவன்பி, கமுனிங், எல்பில் என்று பெயர் வந்ததும் அங்கே யார் தண்டல், யார் கிராணி, காண்டா (பால் வாளி தொங்கும் காவடிக் கம்பு) தூக்கி எத்தனை கட்டை (மைல்) நடந்தார்கள் என்று தொடரும். 1948 ஜூன் 16-ல் எல்பில் தோட்டத்திலும் பக்கத்திலும் வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது இந்த ஊரில்தான். இப்போது 85 வயதை ஒட்டியவர்களுக்கு அந்தக் காலத்தில் முள்வேலிக்குள் வாழ்ந்தது சின்ன வயது நினைவு. அது வந்தால் குறுக்கே பேசாதீர்கள், தோண்டவும் வேண்டாம். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர் சேர்ந்து தோட்டங்களை வாங்க 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியவர்கள் அதைப் பெருமையோடு சொல்வார்கள். சொன்னதையே திரும்பச் சொன்னாலும் முதல்தரம் கேட்பதுபோல் கேட்க முடியாவிட்டால், 'அப்போ அந்தச் சைக்கிள் என்ன ஆச்சு?' என்று கதையின் வேறு மூலைக்குத் திருப்புங்கள்.

ஊனத்துக்கு ஏற்ப முறை மாறும். இதில் பாதிப் பேர் தப்பு செய்வது காது கேட்காதவரிடம் கத்துவதில். கத்தினால் சத்தம் கூடும், சொல் உடையும். நல்ல காதுப் பக்கம், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள். புரியவில்லை என்றால் அதே வார்த்தையை மறுபடி சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். தொலைக்காட்சியை அணைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மெல்ல அடைத்துக்கொண்டால் பல சமயம் குரும்பிதான், கிளினிக்கில் எடுத்துவிடுவார்கள்.

பார்வை இல்லாதவர் வீட்டில் நுழையும்போதே பெயரைச் சொல்லுங்கள், கிளம்பும்போதும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் காலி நாற்காலியோடு அவர் பேசிக்கொண்டிருப்பார். நாற்காலி, வாளி, செருப்பு எதையும் இடம் மாற்றாதீர்கள். நடக்கும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ள விடுங்கள். அரை அடி முன்னால் நடந்தால் படி வருவது உங்கள் உடம்பு அசைவிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

பக்கவாதத்தில் பேச்சு போனவருக்குப் பல சமயம் புத்தி தெளிவாகவே இருக்கும், சொல் மட்டும் வராது. மனைவியைப் பார்த்து 'அவர் சாப்பிட்டாரா?' என்று கேட்பது அவரை உயிரோடு அழிப்பது. அவரையே கேளுங்கள். ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து விநாடி நீளமாகத் தெரியும், ஆனால் அவருக்கு வேண்டியது அதுதான். சொல்லை நீங்கள் முடித்துக்கொடுக்காதீர்கள். கோப்பி, தண்ணீர், கழிவறை, வலி, மகன், மகள் என்று படம் ஒட்டிய அட்டை ஒன்று செய்து கொடுத்தால் கைகாட்டுவார். செயலிழந்த கையைப் பிடித்து ஒருபோதும் தூக்கக்கூடாது. தாங்குகிற தசை தளர்ந்திருப்பதால் தோள்மூட்டு இறங்கிவிடும்.

சக்கர நாற்காலி: நிற்கும்போதெல்லாம் இரண்டு பிரேக்கும். சரிவில் இறங்கும்போது நீங்கள் முதுகு காட்டி முன்னே, நாற்காலி பின்புறமாக இறங்க வேண்டும். கால்பலகை மடக்காமல் எழவோ உட்காரவோ விடாதீர்கள். மிதித்தால் நாற்காலி கவிழும்.

மனவளர்ச்சி குன்றியவர் பெரியவரானால் அவர் பெரியவர்தான். 'குட்டி', 'பாப்பா' வேண்டாம், பெயர் சொல்லுங்கள். நீங்கள் அவருக்குத் துணையாக வந்தீர்களா, அம்மாவுக்கு ஆறுதலாக வந்தீர்களா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் துணை வேண்டும், ஆனால் அதற்கு இன்னொருவர் போகட்டும். பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்களை 1984-ல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில்தான் முதலில் தொடங்கினார்கள், இப்போது நாடு முழுக்க உண்டு. அங்கே போகும் வழி இருந்தால் உங்கள் சேவையைவிட அதுதான் அவருக்கு முதலில் வேண்டியது.

செய்யக்கூடாதவை. குளிப்பாட்டுவது, தூக்குவது, மாத்திரை கொடுப்பது, ஊசி போடுவது எதுவும் உங்கள் வேலை இல்லை. மருந்து வேளையை ஞாபகப்படுத்தலாம், பாட்டிலைத் திறந்து கொடுக்கலாம், அவ்வளவுதான். வங்கி அட்டையைத் தொடாதீர்கள், ரகசிய எண்ணைச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். கடைக்குப் போய் வாங்கிவந்தால் ரசீதை ஒரு ஸ்கூல் நோட்டில் ஒட்டி, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்து, இருவரும் கையெழுத்து. இது அவர்மேல் சந்தேகத்துக்கு அல்ல. ஆறு மாதம் கழித்து ஜோகூரிலிருந்து வரும் மகன் '50 வெள்ளி காணோம்' என்று சொல்லும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்த நோட்டுதான். கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். நிலம், உயில், வாரிசு என்று எந்தக் காகிதத்திலும் சாட்சிக் கையெழுத்து போடாதீர்கள். முதல் நாலு தடவை இரண்டு பேராகப் போங்கள், எப்போதும் முன்கதவு திறந்திருக்கட்டும். படம் எடுக்காதீர்கள். அவர் பேரப்பிள்ளைக்குக் காட்ட அவரே கேட்டு எடுப்பது வேறு, கோயில் முகநூலில் போடுவது வேறு.

மாட்டிக்கொள்வீர்கள் என்றால் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்: குடும்பச் சண்டை. மருமகள் சரியில்லை என்று பாட்டி சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள், நியாயம் சொல்லாதீர்கள். பாட்டி பொய் சொல்கிறார் என்று மருமகள் சொல்வார், அதற்கும் அதே. ஆனால் காயம், பூட்டிய கதவு, பிடுங்கி வைத்த உதவிப்பணம், பட்டினி இவற்றைக் கண்டால் அது சண்டை இல்லை. உங்கள் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளராக இருப்பவரிடம் அன்றே சொல்லி, அரசாங்கத்தின் சமூகநல உதவி எண்ணான தாலியான் காசே 15999-க்குத் தெரிவியுங்கள்.

போகிற ஒரு மணி நேரத்தில் கண் வேலை செய்ய வேண்டும். போன வாரம் வாங்கிய முட்டை அப்படியே இருக்கிறதா, மாத்திரைப் பட்டை காலியாகிறதா அப்படியே இருக்கிறதா, வளையல் கையில் தளர்கிறதா, சர்க்கரைக்காரர் பாதத்தில் புண் உண்டா. அந்தப் பாதத்தில் வலி தெரியாது, செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாது, அதனால் ஆணி, புண், கறுப்பு எதைக் கண்டாலும் கிளினிக்குக்கு அனுப்புங்கள். இன்சுலின் போடுகிறவர் வேர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்யுங்கள், 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர எண் 999-ஐ அழையுங்கள். ஒருபக்கம் வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு மாறினாலோ உடனே 999, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, கை தேய்த்துவிட்டுக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

'இனி எதுக்கு இருக்கணும், போய்ச் சேரணும்' என்று நம் முதியவர்கள் சாதாரணமாகவே சொல்வார்கள். அதையும் உண்மையான ஆபத்தையும் எப்படிப் பிரிப்பது? நேராகக் கேட்டுத்தான். 'நீங்களே ஏதாவது செஞ்சிக்கணும்னு தோணுதா?' என்று கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த நினைப்பு வந்துவிடாது, கேட்க ஒரு ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், ஒருங்கிணைப்பாளரையும் குடும்பத்தையும் அழையுங்கள். தோட்டத்து வீடுகளில் பழைய களைக்கொல்லிப் பாட்டில் மூலையில் கிடப்பது உண்டு. பாராகுவாட் 2020 முதல் தடை, இருந்தாலும் மிச்சம் இருக்கும். அதை அன்றே அப்புறப்படுத்துங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555, மனம் விட்டுப் பேசத் தொண்டர்கள் நடத்தும் பிப்ரெண்டர்ஸ் 03-76272929. இரண்டையும் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். போலீஸ், வங்கி என்று பயமுறுத்திப் பணம் பறிக்கும் போன்கள் தனியாக இருப்பவரைத்தான் தேடி வரும், அதற்கு மோசடிப் புகார் எண் 997-ஐயும் சேர்த்து எழுதுங்கள்.

அரசாங்கப் பக்கம் சுருக்கமாக. சமூகநல இலாகாவின் மாவட்ட அலுவலகம் உங்களுக்குக் கோலகங்சார். தனித்து வாழும் முதியவர், ஊனமுற்றவர் வீட்டுக்குத் தொண்டர் போகும் 'கிட்மாட் பந்து டி ரூமா' (வீட்டுத் துணைச் சேவை) திட்டம் அவர்களிடமே உண்டு, தொடங்கும் முன் போய்ப் பேசிவிடுங்கள், ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் போய், அடுத்த வீட்டுக்கு யாரும் போகாத நிலை வேண்டாம். 60 வயதுக்கு மேற்பட்ட, வருமானமில்லாத குடிமக்களுக்கான முதியோர் உதவித்தொகை 2025-ல் மாதம் 500-லிருந்து 600 வெள்ளியானது. ஓகேயூ அட்டைக்கு மருத்துவர் பாரத்தில் உறுதிசெய்ய வேண்டும். படிவம் நிரப்ப நீங்கள் உதவலாம், பாதிப் பேருக்கு மலாய்ப் பாரமே பயம். சிவப்பு அடையாள அட்டையோடு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அட்டை) இன்னும் சிலர் இருப்பார்கள், குடியுரிமை கேட்கும் உதவிகள் அவர்களுக்குக் கிடைக்காது. அவர்களுக்கு முதல் வேலை பதிவிலாகா, உதவித்தொகை பிறகு.

செலவு பெரிதில்லை. ஏழு வீடு, மாதம் நாலு தடவை, பெட்ரோலுக்குத் தடவைக்கு 5 வெள்ளி கொடுத்தால் 140 வெள்ளி. இதைக் கொடுங்கள், 'தொண்டுதானே' என்று விடாதீர்கள். மூன்றாம் மாதம் மோட்டாரில் எண்ணெய் இல்லாமல் வராமல் போகிறவர் அதைச் சொல்லவும் கூச்சப்படுவார். மாதம் ஒரு மாலை எல்லாரும் கூடி ஒரு மணி நேரம் பேசுங்கள், வீட்டுக்கு ஒரு வரி பதிவு போதும்: தேதி, சாப்பாடு, உடம்பு, மனசு, அடுத்து என்ன. போகிற வீட்டில் மரணம் நடந்தால் அந்தக் கூட்டத்தில்தான் அழுது தீர்க்க முடியும். விலகுகிறவர் மூன்று வாரம் முன்பே பாட்டியிடம் சொல்லி, இரண்டாம் ஆளைக் கையோடு ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்.

ஹேம்பர் விஷயத்துக்கு வருவோம். வேண்டாம். தீபாவளிக்கு எல்லாரும் வருவார்கள்: கட்சிக்காரர், கடைக்காரர், கழகம், கேமரா. அன்றைக்குப் பாட்டிக்கு ஆள் பஞ்சமில்லை, ஐந்து பை அரிசியும் வந்து பூச்சி பிடிக்கும். பிள்ளைகள் ஜோகூருக்கும் கோலாலம்பூருக்கும் திரும்பிப் போன மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு முதல் வருகையை வையுங்கள். முறுக்கு டின்கள் காலியாகிக் கழுவிக் கவிழ்த்திருக்கும், மிச்சம் உள்ளதை அவரே எடுத்து வைப்பார்.